மணலில் புதையும் வண்டி: முதலில் டயர் காற்றைக் குறையுங்கள்

நெடும்பயணச் சாமான்களை ஏற்றிக்கொண்டு 35 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்த அளவு) காற்றில் மணலில் இறங்கினால், நான்கு சக்கரத்துக்கும் விசை தரும் ஃபோர் வீல் டிரைவ் போட்டும் அச்சு வரை புதைகிறது என்கிறீர்கள். வண்டியில் கோளாறில்லை நண்பரே. காற்றை 18-க்கு இறக்குங்கள். அப்போதும் புதைந்தால் 15. டயர் மணலைத் தொடும் தடம் நீளும், எடை பரவும். ஆனால் 15-இல் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

சக்கரம் வெறுமனே சுழன்ற நொடியே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள்; மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். பிரேக்கும் வேண்டாம், சக்கரத்தின் முன்னால் மணல் குவிந்துவிடும். நான்கு சக்கரத்தின் பின்னாலும் அச்சுக்கு அடியிலும் மணலை மண்வெட்டியால் அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) ரிவர்ஸ் எடுங்கள்.

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் மணலில் இறங்கவே கூடாது. திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்றாமல் வேகமெடுத்தால் பக்கச்சுவர் சூடேறி டயர் வெடிக்கலாம்.