நுன் சிகரத்திலிருந்து ஸ்கீயில் இறங்கலாமா?

கேள்வி: வயது 29. வேலைக்காக மியூனிக் வந்து, நான்கு குளிர்காலமாக ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) பழகுகிறேன். ஆல்ப்ஸில் மிகக் கடினமான தடங்களிலும் பயமில்லாமல் இறங்குகிறேன். போலந்து வீரர் ஆண்ட்ஜேய் பார்கியெல் உலகின் இரண்டாவது உயரமான கே2 மலையின் உச்சியிலிருந்து ஸ்கீயில் இறங்கிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. அடுத்த வருடம் லடாக்கின் நுன் சிகரத்திலிருந்து (7,135 மீட்டர்) இறங்க ஆசை. வீட்டில் சொல்லவில்லை. துணிச்சல் போதுமா?

பதில்: தம்பி, அடுத்த வருடம் வேண்டாம்.

நீங்கள் இறங்கும் தடங்களில் இரவோடு இரவாக இயந்திரம் ஓட்டிப் பனியைச் சமன்படுத்தி வைக்கிறார்கள். ஆனால் 50 டிகிரி மலைச்சரிவில், நின்றபடி பக்கவாட்டில் கையை நீட்டினாலே பனி தட்டும். அங்கே திருப்பம் என்றால் குதிப்பதுதான். இரண்டு ஸ்கீயையும் பனியை விட்டுத் தூக்கி, அந்தரத்தில் திருப்பி, விளிம்பு பதியும்படி இறக்க வேண்டும். விளிம்பு 'கரக்' என்று உரசினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். காஷ்மீரில் குல்மார்க்கின் அபர்வத் சரிவில் ஒரு காலை அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. 30 அடி சறுக்கிப் போய், மென்பனியில் சிக்கி நின்றேன். நின்ற பிறகும் முழங்கால் நடுக்கம் அடங்கவில்லை. நீங்கள் நினைக்கும் மலையில் அப்படித் தாங்கிக்கொள்ள மென்பனி இருக்காது.

7,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. ஏறியே களைத்த காலோடு அந்தக் குதிப்புகளை நூறு முறை பிசகாமல் போட வேண்டும்.

பார்கியெல் 2018 ஜூலை 22 அன்று கே2-வில் இறங்கினார். அதற்கு முன் 2014-இல் மனாஸ்லு, 2015-இல் பிராட் பீக் என்று 8,000 மீட்டர் மலைகளில் இறங்கிப் பழகியவர். 2017-இல் இதே கே2-வுக்குப் போய், நிலைமை சரியில்லை என்று திரும்பி வந்தார். எனக்கு அவரிடம் அதிகம் பிடித்தது அந்த 2017தான். அதே கே2-வில் 2010-இல் ஸ்கீயில் இறங்கப் போன ஸ்வீடன் வீரர் ஃப்ரெட்ரிக் எரிக்சன் ஏறும்போதே விழுந்து இறந்தார். 2018-இல் லோட்சே சிகரத்தின் உச்சியிலிருந்து ஸ்கீயில் இறங்கிய அமெரிக்க வீராங்கனை ஹிலாரி நெல்சன், 2022-இல் மனாஸ்லுவில் இறங்கத் தொடங்கியதுமே பனிச்சரிவில் சிக்கி இறந்துவிட்டார். இவர்களுக்கா துணிச்சல் குறைவு?

ஆசையை விடச் சொல்லவில்லை. உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி, பிறகு மேல்நிலைப் பயிற்சி முடியுங்கள். ஆல்ப்ஸில் பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றும் கட்டாயம். பனியில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். எடுக்க வேண்டியது கூட வருபவர்தான். அதனால் இருவரிடமும் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி), துழாவும் கம்பி, மண்வாரி இருக்கட்டும். தனியே போகவே கூடாது. இறங்கப்போகும் சரிவில் லிஃப்ட் இல்லாமல் நீங்களே ஏறிப் பழகுங்கள். எங்கே பனி இறுகியிருக்கிறது, எங்கே அடியில் பொள்ளலாக இருக்கிறது என்று கால் சொல்லிவிடும். 40 டிகிரி சரிவுகளில் இப்படி மூன்று குளிர்காலம் போகட்டும். நுன்னைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

வீட்டில் இப்போதே சொல்லுங்கள். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.