சாவி சரி, கடிகாரம் சரியா?

கேள்வி: போர் விமானத்தின் ரேடியோ பேச்சைக் குறியாக்கம் செய்தால் போதாதா? அதிர்வெண்ணையும் ஏன் ஓயாமல் மாற்றுகிறார்கள்?

பதில்: இரண்டும் வேறு வேறு காவல். குறியாக்கம் இருந்தால் எதிரி கேட்டாலும் அவனுக்குப் புரியாது. ஆனால் அவன் அதே அதிர்வெண்ணில் இரைச்சலைக் கொட்டினால் நம்மவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. அதிலிருந்து தப்பத்தான் அதிர்வெண் தாவல். அமெரிக்காவின் ஹேவ் குயிக் முறை 225 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் தாவித் தாவிப் பேசும், ஆனால் பேச்சைக் குறியாக்காது. அதற்கு கேஒய்-58 போன்ற தனிப் பெட்டி வேண்டும். தாவல் இருக்கிறதே என்று ரகசியத்தைப் பேசிவிடுவது மிக ஆபத்தான தவறு.

கேள்வி: சாவி (குறியாக்கத்துக்கான ரகசிய எண்வரிசை) உட்பட எல்லாம் ரேடியோவில் சரியாக ஏற்றியும், ஒரு விமானம் மட்டும் வலையில் (சேர்ந்து தாவிப் பேசும் ரேடியோக்களின் குழுவில்) சேராமல் நிற்பது ஏன்?

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஹேவ் குயிக்கில் 'அன்றைய சொல்' (தாவும் வரிசையைத் தீர்மானிப்பது; பெயர்தான் சொல், உள்ளே இருப்பது எண்கள்), வலை எண், நேரம் மூன்றும் எல்லா ரேடியோக்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒற்றை அதிர்வெண்ணில் நன்றாகக் கேட்டு, தாவலுக்கு மாறியதும் பேச்சு அறுந்தால், ரேடியோ பழுது என்று கழற்ற வேண்டாம். அன்றைய சொல்லையும் வலை எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, ஜிபிஎஸ்ஸிலிருந்தோ வலையில் உள்ள இன்னொரு விமானத்திடமிருந்தோ நேரத்தை மறுபடி வாங்குங்கள். அவசரத்துக்குத் தன் கடிகாரத்தைத் தானே தொடங்கிக்கொண்ட ரேடியோவுடன், அதனிடமே நேரம் வாங்கியவர்கள் மட்டுமே பேச முடியும்.

போர் விமானங்களும் கப்பல்களும் தகவல் பரிமாறும் லிங்க் 16 என்ற ரேடியோ வலையில் இந்த நேர ஒற்றுமை இன்னும் கறார். யார் எப்போது அனுப்புவது என்று ஒதுக்க, ஒரு விநாடி 128 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. துண்டு ஒன்றுக்கு 7.8125 மில்லி விநாடி. 960 முதல் 1215 மெகாஹெர்ட்ஸுக்குள் 51 அதிர்வெண்கள். சுமார் 13 மைக்ரோ விநாடிக்கு ஒரு தாவல். புதிதாக வரும் முனையம் (வலையில் சேரும் ரேடியோ கருவி) முதலில் செவிமடுத்துத் தோராயமாக ஒத்திசையும். பிறகு கேள்வி அனுப்பி, பதில் வந்து சேரும் நேரத்தை அளந்து, தன் கடிகாரத்தை நுட்பமாகத் திருத்தும். இந்த வலைக்கு நேரம் சொல்லும் முனையம் ஒன்றே ஒன்றுதான். திட்டமிடுவோர் தவறி இரண்டை அமைத்துவிட்டால், ஒரே சாவியோடு ஒன்றையொன்று அறியாத இரண்டு வலைகள் உருவாகிவிடும்!

பறக்கும்போதே சாவி மாறும் வேளையும் வரலாம். இன்றைய சாவியோடு நாளையதையும் கிளம்பும் முன்பே ஏற்றாவிட்டால், அந்தக் கணத்தில் விமானம் வலையிலிருந்து விழும்.

கேள்வி: தாழப் பறந்தால் தொடர்பு அறுகிறதே?

பதில்: இந்த அலைகள் நேர்கோட்டில் போகின்றன, பூமியின் வளைவு மறைக்கிறது. தரை நிலையத்திலிருந்து 10,000 மீட்டர் உயர விமானத்துக்குச் சுமார் 410 கி.மீ. எட்டும், 300 மீட்டரில் 70 கி.மீ.தான். நடுவே உயரத்தில் ஒரு விமானம் செய்தியை வாங்கி அனுப்பலாம். ஆனால் லிங்க் 16-இல் அப்படி மறுஅனுப்புதலுக்கும் தனி நேரத்துண்டுகள் செலவாகும், ஆகவே அதைப் பறப்புக்கு முன்பே கணக்கிட்டு ஒதுக்க வேண்டும்.