யார் கொடுத்த சக்தி என்று தெரியாதவன்

வணக்கம்.

ஒரு வருடமாக நண்பர்களுடன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறேன்; ஆளுக்கொரு பாத்திரமாகி, சேர்ந்து கதை சொல்லி ஆடும் ஆட்டம். ஆட ஆசைப்படும் பாத்திரங்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன், 40-ஐத் தாண்டிவிட்டது. மூன்றை மட்டும் மனம் விடவில்லை. சபதத்தை மீறிவிட்டு வெட்கத்துடன் அலையும் பலடின், அதாவது புனித வீரன். தன் சக்தி யாரிடமிருந்து வந்தது என்றே அறியாத வார்லாக், அதாவது வேறொரு பெரும் சக்தியிடம் மந்திரம் பெற்றவன். யாரையும் நம்பாத ரோக், அதாவது திருட்டிலும் மறைந்து தாக்குவதிலும் கைதேர்ந்தவன். இவனுக்கு 12 பக்க முன்கதை எழுதிவிட்டேன். அடுத்த ஆட்டத்துக்கு யாரை எடுக்கலாம்?

க.

அன்புள்ள க.,

வார்லாக்கை எடுங்கள்.

உங்கள் பிரியம் ரோக்கின் மேல்தான் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அவன் வாழ்க்கையில் நடக்க வேண்டியதெல்லாம் அந்த 12 பக்கங்களில் நடந்து முடிந்துவிட்டது. அதோடு, யாரையும் நம்பாதவன் எதற்காக மற்றவர்களுடன் குகைக்குள் இறங்குகிறான்? ஒவ்வொரு முறையும் நண்பர்கள் அவனைக் கெஞ்சிக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஒருவனை நானும் ஆடியிருக்கிறேன். மூன்றாவது வாரம் எல்லோர் முகத்திலும் களைப்பு தெரிந்தது. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

பலடினுக்கு வேறு சிக்கல். ஐந்தாம் பதிப்பின் விதிகளில் சபதம் ஏற்பதே மூன்றாம் லெவலில், அதாவது பாத்திரம் வளரும் மூன்றாம் படியில்தான். முதல் லெவலில் வருகிறவன் எதை மீறியிருப்பான்? நண்பர்கள் பார்க்கச் சபதம் ஏற்று, அவர்களுக்காகவே அதை மீற நேர்ந்தால் அந்த வெட்கத்துக்குக் கனம் இருக்கும். இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வார்லாக்கின் அழகு விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. மந்திரம் கற்ற விசார்டுக்கு மந்திர நூல், பூசாரியான கிளெரிக்குக்குத் தெய்வம். வார்லாக்குக்கோ ஆரம்ப லெவல்களில் ஓரிரு பெரிய மந்திரங்களுக்கு மட்டுமே சக்தி உண்டு. ஒரு மணி நேரம் இளைப்பாறி எழுந்தால் தீர்ந்தது மறுபடி நிறைந்திருக்கும். நிரப்பியது யார்? உங்கள் பாத்திரம் ஒவ்வொரு ஓய்விலும் இதை நினைத்து அஞ்சலாம். பக்கத்தில் காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருக்கும் கிளெரிக் அதைக் கவனித்துக் கேட்கலாம். அங்கே ஓர் உரையாடல் தானாகப் பிறக்கும்.

2014 விதிநூலில் சக்தி தரும் புரவலரை முதல் லெவலிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். 2024-இல் திருத்தி வந்த நூலில் வார்லாக்கின் கிளைவகை, அதாவது புரவலர் யார் என்ற தேர்வு, மூன்றாம் லெவலுக்குத் தள்ளிப்போகிறது. உங்கள் யோசனைக்காகவே செய்தது போன்ற மாற்றம்! ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் பேசி, புரவலரை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நரகத்துப் பிசாசா, தேவதை உலகின் தலைவியா, இவன் இருப்பதையே அறியாத ஏதோ ஆதிகாலத்து உயிரா? உங்களுக்கும் தெரியாமல் இருக்கட்டும். தெரிந்துகொண்டு தெரியாததுபோல் நடிப்பது இரண்டே வாரத்தில் சலித்துவிடும்.

முன்கதை அரைப் பக்கம் போதும். சக்தி வந்த இரவில் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள்; அதிலும் அவனுக்கு நினைவில்லாத ஒரு மணி நேரம் இருக்கட்டும். ரோக்கின் 12 பக்கங்களிலிருந்து அவன் தங்கையை, இருந்தால், இவனுக்குக் கொடுத்துவிடுங்கள். திரும்பிப் போக ஒரு வீடு இருப்பவனுக்குத்தான் இந்தப் பயம் முழுதாகப் புரியும்.

மூன்றாம் லெவலை எட்டியதும் அது யார் என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.