பாவ்ஹவுஸ் டிசைன் ஸ்கூல்ல பெண் மாஸ்டர் யாராவது இருந்தாங்களா?

இருந்தாங்க, குன்டா ஸ்டோல்சல். அங்க ஒரு பட்டறைக்கே தலைமை ஏத்த முதல் பெண். எந்தப் பட்டறைன்னு கேக்கவே வேணாம், நெசவுதான்.

1919ல ஜெர்மனியில வைமார் ஊர்ல கட்டடக் கலைஞர் க்ரோபியஸ் ஸ்கூலை ஆரம்பிச்சப்ப ஆண் பெண் வித்தியாசம் கிடையாதுன்னுதான் சொன்னாரு, ஆனா பெண்கள் கூட்டமா வந்து சேந்ததும் இது சரிப்படாதுன்னு தோணிடுச்சு போல, நிறைய பேரை நைசா தறிப்பக்கம் தள்ளி விட்டுட்டாங்க. பின்னாடி பெரிய நெசவுக் கலைஞரான ஆனி ஆல்பர்ஸ்கூட கண்ணாடி வேலை செய்யணும்னு ஆசைப்பட்டு வந்து தறியில உக்காந்தவங்கதான்.

குன்டா மட்டும் விரும்பித்தான் தறிக்கு வந்தாங்க. ஆனா சொல்லிக்குடுக்க ஆளில்ல! அந்தப் பட்டறைக்கு மாஸ்டரா இருந்த கியோர்க் மூஹே ஒரு ஓவியர், நெசவுல அவருக்குப் பெருசா ஆர்வமும் இல்ல. அதனால இவங்களே க்ரெஃபெல்ட் ஊருக்குப் போய் சாயம் போடறது, பட்டு நெசவுன்னு கத்துட்டு வந்து மத்தவங்களுக்கு சொல்லிக்குடுத்தாங்க. ஸ்கூல் டெஸ்ஸா ஊருக்கு மாறின அப்புறம் 1927ல முழுப் பொறுப்பும் இவங்க கைக்கு வந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பார்ட். சுவத்துல மாட்டற படம் மாதிரி ஒத்தை ஒத்தையா நெய்ஞ்சிட்டு இருந்த இடம், மில்லுல மீட்டர் கணக்குல ஓட்டற துணிக்கு சாம்பிள் போடற லேப் ஆகிடுச்சு. செலோஃபேனை, அதான் கண்ணாடித்தாளைக்கூட நூலோட சேத்து நெய்ஞ்சு பாத்தாங்க. ஆனி ஆல்பர்ஸ் பெர்னாவ் ஊர்ல ஒரு ஆடிட்டோரியத்துக்கு, ஒரு பக்கம் சத்தத்தை உறிஞ்சி மறுபக்கம் வெளிச்சத்தை திருப்பி அடிக்கிற துணி பண்ணது அப்படித்தான். இதே ஸ்கூல்ல இருந்த மார்செல் ப்ரூயரோட ஸ்டீல் பைப் சேர் எல்லாருக்கும் தெரியும், அதுல நம்ம முதுகைத் தாங்கற மெழுகு நூல் துணியை யாரு மெருகேத்துனதுன்னு யாராவது கேட்டிருக்கோமா? க்ரேட்டே ரைஷார்ட், இதே பட்டறைப் பொண்ணு.

1929ல குன்டா, ஆரியே ஷரோன்னு வெளிநாட்டு யூத மாணவர் ஒருத்தரை கல்யாணம் பண்ணாங்க, அதோட ஜெர்மன் குடியுரிமை போச்சு. ரூம் கதவுல ஸ்வஸ்திகா கிறுக்குனாங்க, உள்ளயே சில பேரு புகார் கிளப்புனாங்க, 1931ல வேலையை விட வேண்டியதாப் போச்சு. சின்னக் குழந்தையோட சுவிட்சர்லாந்துல சூரிச் போய் கூட ரெண்டு பேரை சேத்துக்கிட்டு கைத்தறிப் பட்டறை ஆரம்பிச்சாங்க, கூட்டாளிங்க மாறினாலும் 1967 வரைக்கும் தொழிலை விடல.

தேடிப் பாக்கறதா இருந்தா அவங்க 1928ல ஜக்கார்டு தறியில, அதான் டிசைன் போட்டு நெய்யற தறியில பண்ண 'ஐந்து கோரஸ்'ங்கிற சுவர்த் துணியைப் பாருங்க, ப்ளீஸ் போன்ல சின்னதா வேணாம், பெரிய ஸ்க்ரீன்ல.