எதிரே நிற்பவர்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் பந்திங் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2026 ஜனவரி 10 அன்று வியாழன் எதிர்நிலைக்கு வந்ததைப் பற்றி வகுப்பில் சொன்னேன். "எதிர்க்கட்சி மாதிரியா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? குரு வக்ரம் என்று அம்மா தம்பியின் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைத்தது சரியா? இன்னொன்று. எங்கள் கோயில் ஆண்டுக் கூட்டத்தில் திருவிழாச் செலவைப் பற்றிக் கேட்டேன். "வந்துட்டாங்க எதிர்க்கட்சி" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள், உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

க., பந்திங்

அன்புள்ள க.,

உங்கள் கடைசி நான்கு வரிகளுக்காகத்தான் இந்தப் பதில். இதைப் பற்றியே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அம்மாவுக்கு. எதிர்நிலை என்றால் பூமியிலிருந்து பார்க்கும்போது கோள் சூரியனுக்கு நேர் எதிரே நிற்பது. அன்று சூரியன் தனுசில், வியாழன் மிதுனத்தில், நேர் ஏழில். வேகமாக ஓடும் பூமி வியாழனை முந்துகிறபோது அது பின்னால் போவதுபோல் தெரியும், அதுதான் வக்ரம். ஏறக்குறைய 13 மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கும். நிச்சயத்தை நடத்துங்கள்.

பையனிடம் "ஆமாம், இரண்டிலும் எதிரே நிற்பதால்தான் கணக்குச் சரியாகத் தெரியும்" என்றே சொல்லியிருக்கலாம். பதில் வரவில்லை என்று நீங்கள் விட்டது எனக்குப் பிடிக்கவில்லை, ஓர் ஆசிரியை மறுநாளாவது தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். செவ்வாயின் பாதையைக் கண்டுபிடிக்க வானியலாளர் கெப்ளர் எதை நம்பினார் தெரியுமா? வானியலாளர் டைக்கோ பிராஹேயும் உதவியாளர்களும் 1580 முதல் 1600 வரை குறித்த 10 எதிர்நிலைகளை. தாமே 1602, 1604 எதிர்நிலைகளைச் சேர்த்துக்கொண்டார். ஏன் அந்த நாட்கள் மட்டும்? அன்று சூரியன், பூமி, செவ்வாய் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். சூரியனில் நின்று பார்த்தால் செவ்வாய் எந்தத் திசையில் தெரியுமோ, பூமியிலிருந்தும் அதே திசையில் தெரியும். மற்ற நாட்களில் நம் பூமியின் ஓட்டம் கணக்கைக் குழப்பிவிடும். பிறகு வட்டக் கணக்குக்கும் வானத்துக்கும் 8 கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) வித்தியாசம் வந்தது, முழுநிலவின் அகலத்தில் கால்வாசிதான். அதை அவர் தள்ளிவிடவில்லை. 1609-இல் நீள்வட்டப் பாதையை வெளியிட்டார்.

எதிர்நிலையில் கோள் நமக்குக் கிட்டே வருகிறது, முழு முகமும் வெளிச்சத்தில் இருக்கிறது, இரவு முழுக்க வானத்தில் நிற்கிறது. அப்போது சனியின் வளையங்கள் சட்டென்று கூடுதலாக ஒளிரும், அங்குள்ள பனித்துண்டுகளின் நிழல் அவற்றுக்குப் பின்னாலேயே மறைந்துபோவதும் ஒரு காரணம். வெள்ளி ஒருநாளும் எதிர்நிலைக்கு வராது. எப்போதும் சூரியன் பக்கத்திலேயே நிற்கும். நமக்கு மிக அருகே வரும்போது இருட்டுப் பக்கத்தைத்தான் காட்டும்.

சிரித்தார்கள் என்கிறீர்கள். 1826-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஹாப்ஹவுஸ் என்ற உறுப்பினர் "மன்னரின் எதிர்க்கட்சி" என்று சொன்னபோதும் அவையில் சிரித்தார்கள். 1937-இல் அதே நாடு எதிர்க்கட்சித் தலைவருக்குச் சட்டம் போட்டுச் சம்பளம் கொடுத்தது.

அவ்வளவு தூரம் போவானேன். பந்திங்கிலிருந்து கிள்ளான் எத்தனை தூரம்? 1941-இல் அங்கே பால்மர (ரப்பர்) தோட்டத்து ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரைக்கும் கிராணிக்கும் (தோட்டக் கணக்குப்பிள்ளை) முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், பட்டாளத்தை இறக்கினார்கள், ஆட்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். அந்த மண்ணில் பிறந்துவிட்டு, கோயில் கூட்டத்தில் நாலு பேர் சிரித்ததற்கு உட்கார்ந்துவிட்டேன் என்று எழுதுகிறீர்களே, தங்கச்சி!

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அப்பா பொருளாளர். ஒரு மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கணக்குக் கேட்பார். பூவுக்கு எவ்வளவு, வாழைமரத்துக்கு எவ்வளவு, மேளக்காரர் பஸ் காசுக்குச் சீட்டு எங்கே? "அந்த ஆளு வீட்டுல சோறு இறங்காதா?" என்று அம்மா திட்டுவார். அப்பா மட்டும் கூட்டத்துக்கு முன்பு ராத்திரியில் உட்கார்ந்து துண்டுச் சீட்டுகளை நோட்டில் ஒட்டுவார். "அவன் கேப்பான்டா" என்பார். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது பாதி லயம் (ஆட்களின் வரிசை வீடுகள்) காலியானது, மண்டோரும் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டே அப்பா சீட்டு ஒட்டுவதை விட்டுவிட்டார். அப்பா ஒரு காசு தொட்டவரில்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அவருக்குப் பின் வந்த பொருளாளர்கள் நோட்டே வைக்கவில்லை. வசூலான பணம் எங்கே போனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, கோயில் கூரை ஒழுகியபடியே கிடந்தது.

அந்த மண்டோரை எங்கள் வீட்டில் எல்லாரும் பகையாளி என்றுதான் நினைத்தோம். அப்பா ஒருவர்தான் அப்படி நினைக்கவில்லை. ஊரைவிட்டுப் போகும்முன் அவருக்கு வீட்டில் கோழி அடித்துச் சாப்பாடு போட்டார்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது எந்தச் செலவு, எவ்வளவு, ரசீது யாரிடம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சிரித்தால் சிரித்து முடிக்கட்டும், உட்காராதீர்கள். அதே கேள்வியைக் குரலை உயர்த்தாமல் மறுபடி கேளுங்கள். கேள்வியைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, ஏற்றியதைப் படித்துக் காட்டவும் சொல்லுங்கள். படித்தார்களா என்று எனக்கு எழுதுங்கள்.