தூங்கும் கோழி கிளையிலிருந்து ஏன் விழுவதில்லை?

கேள்வி: எங்கள் வீட்டுக் கோழிகள் ராத்திரி கொய்யா மரத்தில் ஏறி, தலையை இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்குகின்றன. காற்றில் கிளை ஆடினாலும் விழுவதில்லை. தலைதான் தூங்குகிறதே, அப்புறம் உடம்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கழுத்தை அறுத்த கோழிகூட கொஞ்ச தூரம் ஓடுகிறதே, அதுவும் இதே சங்கதிதானா?

பதில்: சமநிலை என்றதும் காதைத்தான் சொல்வோம். உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள், உள்ளே திரவம், தலை அசைந்தால் திரவமும் அசைந்து மூளைக்குத் தகவல் போகும். சரி, ஆனால் அது தலையின் அசைவைத்தானே சொல்லும்? உங்கள் கோழி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை மெதுவாக மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி அந்தரத்தில் அப்படியே நிற்கும். தலை அசையாதபோது உடம்பு சாய்ந்தது காதுக்கு எப்படித் தெரியும்? கழுத்துத் தசைகள் ஓரளவு சொல்லும். மீதியைச் சொல்லும் ஆள் இடுப்பில் இருக்கிறது என்கிறார்கள், இதில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

பறவையின் தண்டுவடம் இடுப்புக்கு வந்ததும் மேல்பக்கம் பிளந்துகொள்கிறது. அந்தப் பிளவில் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் ஒருவகை மாவுச்சத்து) நிறைந்த, கூழ் போன்ற ஓர் உருண்டை உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் திரவம், மேலே எலும்பில் குறுக்காக ஓடும் சிறு கால்வாய்கள் (பார்த்தால் காதுக் குழல்களின் சாயல் அப்படியே தெரியும்), இரண்டு பக்கமும் நரம்பு செல்கள் கொண்ட குட்டி மடல்கள். உடம்பு சாய்ந்தால் திரவம் அசைவதை இந்த மடல்கள் உணரும் என்பதுதான் கருத்து. ஜெர்மனியின் ஆய்வாளர் ரைன்ஹோல்ட் நெக்கர் புறாக்களில் இந்தத் திரவத்தை வெளியேற்றிப் பார்த்தார். பறப்பதில் ஒரு குறையும் இல்லை, நடக்கும்போதுதான் தடுமாறின. எல்லா ஆய்வாளர்களும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், பறவைக்கு இடுப்பில் இன்னொரு காது இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

நமக்கு அந்த உருண்டை இல்லை. ஆனால் தண்டுவடம் சும்மா இருப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடுங்கள், கணுக்காலைச் சுற்றித் தசைநார்கள் புடைத்துப் புடைத்து அடங்குவது தெரியும். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் அங்கே ஒரு தசை இழுபடுகிறது, செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது, 'இறுக்கு' என்ற உத்தரவு அங்கிருந்தே திரும்பி வருகிறது, மூளை யோசித்து உத்தரவு போடுவதற்குள் முதல் திருத்தம் நடந்துவிடுகிறது. பாதத் தோலின் தொடு உணர்வும் இதில் சேர்த்தி. கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் 2015இல், அந்தத் தொடு செய்தியை வாங்கும் தண்டுவட நரம்பு செல்களை எலிகளில் நீக்கினார்கள். சமதரையில் நன்றாக நடந்த எலிகள், உயரத்தில் வைத்த ஒடுங்கிய சட்டத்தின் மேல் கால் வழுக்கித் திணறின.

ஆக, கிளை ஆடும்போது உங்கள் கோழியின் கால் தசைகளை இறுக்கியும் தளர்த்தியும் விடும் வேலையில் பெரும்பங்கு தண்டுவடத்துடையது. மூளைத்தண்டும் (தண்டுவடத்தோடு சேரும் மூளையின் அடிப்பகுதி) முழுசாகத் தூங்கிவிடாமல் கூடவே துணைக்கு நிற்கிறது.

கழுத்தறுத்த கோழிக்கு வருவோம். கால்களை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும் தாளம் தண்டுவடத்திலேயே பிறக்கிறது, பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளர் கிரஹாம் பிரௌன் 1911இல் பூனைகளில் அதைக் காட்டினார். கோழியின் தண்டுவடம் பெரும்பகுதி உடம்போடுதான் இருக்கிறது, அதனால்தான் ஓட்டம். ஆனால் அது எப்படி ஓடுகிறது என்று கவனித்திருப்பீர்கள். நேராகப் போகாது, எதிரே சுவர் இருந்தால் மோதும், ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்துவிட்டால் நிமிராமல் அப்படியே விழும், விழுந்த பிறகும் கால்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய சாய்வைத் திருத்தக் கண்ணும் காதும் சிறுமூளையும் வேண்டும். அவை கத்திக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.