ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கர் ஏன் ஊளையிடுகிறது?

கேள்வி: காரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டிக்கியில் நான்கு சேனல் ஆம்ப் (சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர்), முன்கதவுகளில் 6.5 இன்ச் காம்பொனென்ட் ஸ்பீக்கர் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. என்ஜின் ஓடும்போது ட்வீட்டரில் (கீச்சு ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) 'ஊய்ய்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. கடைக்காரர் நாய்ஸ் ஃபில்டர் போடச் சொல்கிறார். போடலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: இப்போது வேண்டாம். என்ஜின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்குகிறது என்றால் சத்தம் ஆல்டர்நேட்டரிலிருந்து, அதாவது என்ஜின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் கருவியிலிருந்து வருகிறது. ஆல்டர்நேட்டர் தரும் மின்சாரத்தில் சிறு அலைவு எப்போதும் இருக்கும், அது கோளாறு இல்லை. ஸ்டீரியோவின் எர்த்துக்கும் (காரின் உடலோடு சேரும் மைனஸ் இணைப்பு) ஆம்ப்பின் எர்த்துக்கும் இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் விழுந்துவிட்டால், அந்த அலைவு, ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளின் வெளிக்கம்பி வழியாக ஓடிப் பாட்டோடு கலந்துவிடுகிறது. ஆம்ப் இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும். மலிவான ஃபில்டருக்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சலோடு பேஸின் அடிப்பகுதியையும் தின்றுவிடும். மூலத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதே நல்லது.

முதலில் சிஸ்டத்தை அணைத்துவிட்டு, ஆம்ப்பிலிருந்து ஆர்சிஏ பின்களைக் கழற்றுங்கள். பிறகு என்ஜினை ஓடவிட்டு ஆம்ப்பை இயக்குங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்ப்பின் பவர், எர்த் அல்லது ஸ்பீக்கர் வயர் பக்கம். நின்றுவிட்டால் கேபிளிலோ ஸ்டீரியோவிலோ தேட வேண்டும். அடுத்து, சார்ஜரில் மாட்டாத செல்போனை ஆம்ப்பின் ஆர்சிஏ இன்புட்டில் நேராகக் கொடுத்துப் பாருங்கள். சுத்தமாகப் பாடினால் ஆம்ப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறொரு ஆர்சிஏ கேபிளைச் சீட்டுக்கு மேலாகவே ஸ்டீரியோ வரை இழுத்து மாட்டிப் பார்த்தால், கேபிள் போகும் வழிதான் பிரச்சினையா என்பதும் தெரிந்துவிடும். பவர் கேபிள் காரின் ஒரு பக்கமும் ஆர்சிஏ மறுபக்கமும் போக வேண்டும். குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் 90 டிகிரியில் குறுக்கிடட்டும்.

பெரும்பாலும் குற்றவாளி டிக்கியில் உள்ள எர்த்தான். பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கும் தகரத்தை வெளியே கொண்டுவந்து, எர்த் வயர் நுனியில் உள்ள வளையத்தை (லக்) பல்வாஷரோடு இறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸோ பெயின்டோ தடவினால் துரு வராது. எர்த் வயர் 45 செ.மீ.க்குள், பவர் கேபிளின் அதே தடிமனில் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்காதீர்கள். உயிரைக் காக்கும் போல்ட் அது.

எர்த் சரியா என்பதை ஓம்ஸில் அளக்க முடியாது. சாதாரண மீட்டர் அவ்வளவு குறைந்த மின்தடையைக் காட்டாது. பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டி.சி. வோல்ட்டில் அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. 0.5 வோல்ட்டைத் தொட்டால் எங்கோ இணைப்பு மோசம்.

இத்தனைக்கும் பிறகும் சத்தம் இருந்தால், ஒரு வயரின் ஒரு முனையை ஆர்சிஏ பின்னின் வெளிவளையத்திலும் மறுமுனையை ஸ்டீரியோவின் உலோகக் கூட்டிலும் தொட்டுப் பாருங்கள். உடனே நின்றால் ஸ்டீரியோவுக்குள் ஆர்சிஏவின் எர்த் தடம் எரிந்துபோயிருக்கிறது. சிஸ்டம் ஓடும்போது பின்னைப் பிடுங்கி மாட்டினால் இப்படி ஆகலாம். அதனால்தான் முதலில் அணைக்கச் சொன்னேன்.

கேள்வி: நல்ல ஸ்பீக்கர்தான், ஆனால் கதவில் போட்டால் பேஸே இல்லை. பாடுபவரின் குரலும் நடுவில் நிற்காமல் எங்கோ சிதறுகிறது. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பேலன்ஸை முழுதாக ஒரு பக்கம் திருப்புங்கள். பேஸ் அப்போது கூடினால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆம்ப் பக்கம் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென் பேட்டரியை நொடிநேரம் தொடுங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். ட்வீட்டரை இப்படிச் சோதிக்காதீர்கள்.

அது சரியாக இருந்தால் கதவைப் பாருங்கள். உள்தகரத்தில் இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியாக ஸ்பீக்கரின் பின்புற ஒலி முன்னே வந்து கலந்தாலும் பேஸ் செத்துப்போகும். அலுமினிய மேல்தாள் கொண்ட 2 மி.மீ. பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) ஷீட்டால் அவற்றை மூடுங்கள். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. ஸ்பீக்கரைத் தாங்கும் ரிங் எம்.டி.எஃப்.பில் (அழுத்திய மரத்தூள் பலகை) இருந்தால் ஒரு மழைக்காலத்திலேயே ஊறி உப்பிவிடும். கெட்டி பிளாஸ்டிக் ரிங் வாங்குங்கள்.

கேள்வி: வால்யூமைக் கூட்டினால் கரகரக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஆம்ப்பில் 'புரொடெக்ட்' விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடுகிறது. (தாம்பரம் வாசகர்)

பதில்: ஆம்ப்பில் உள்ள கெயின் என்பது வால்யூம் குமிழ் அல்ல. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்பை அமைப்பதுதான் அதன் வேலை. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர், ஃபில்டர் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஓடவிடுங்கள். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். வாட்டை (தொடர்ந்து தாங்கும் வாட்) ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதே நீங்கள் வைக்க வேண்டிய ஏ.சி. வோல்ட். 75 வாட், 4 ஓம்ஸ் என்றால் 17.3 வோல்ட். 250 வாட், 4 ஓம்ஸ் சப்வூஃபருக்கு (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) 31.6. கெயினைக் கீழிருந்து மெல்ல ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். ஆம்ப்பின் ஆர்.எம்.எஸ். வாட் ஸ்பீக்கரைவிடக் குறைவு என்றால் அந்தக் குறைந்த வாட்டை வைத்தே கணக்கிடுங்கள். ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டியதும் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்), சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸ் லோபாஸ் (கீழுள்ளதை மட்டும் விடுவது) வையுங்கள்.

'புரொடெக்ட்' விளக்குக்கு சப்வூஃபரின் காயில் இணைப்பைப் பாருங்கள். இரண்டு 4 ஓம்ஸ் காயில்களை இணையாகக் கட்டினால் 2 ஓம்ஸ் ஆகிவிடும். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்த) ஆம்ப்கள் பல 4 ஓம்ஸுக்குக் கீழே தாங்காது. தொடராகக் கட்டினால் 8 ஓம்ஸ். சத்தம் சற்றுக் குறையும், ஆனால் ஆம்ப் சூடாகி நிற்காது.

கேள்வி: ஆன்லைனில் விற்கும் 8 கேஜ் வயரிங் கிட், 60 ஆம்பியர் ஃப்யூஸ் கொண்ட ஆம்ப்புக்குப் போதுமா? (திருச்சி வாசகர்)

பதில்: போதாது. மலிவான கிட்டில் வருவது பெரும்பாலும் தாமிரம் பூசிய அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அதுதான். பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் போக, முழுத் தாமிர 4 கேஜ் போடுங்கள் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன் கூடும்). மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். டிக்கியில் வைத்த ஃப்யூஸ், வழியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் எதையும் காப்பாற்றாது.